மெல்போர்னுக்குப் பெட்டி கட்டும்போது

மெல்போர்னில் ஒரே நாளில் நான்கு பருவங்களையும் பார்க்கலாம் என்று அங்கே போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். என் தம்பி அந்நகரில் குடியேறிய பிறகு அம்மாவும் நானும் வசந்தத்திலும் கோடையிலும் குளிர்காலத்திலுமாக அவன் வீட்டில் தங்கி வந்திருக்கிறோம். அவர்கள் சொல்வது மிகையில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு நான்கு பருவங்களுக்கும் உரிய துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அவற்றில் பெரும்பகுதி பயன்படாமலே திரும்பி வரும். வானிலை மாறுகிற நேரத்தில் நாம் தெருவிலோ டிராமிலோ கடற்கரையிலோ இருப்போம். பெட்டி வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கும். ஆகவே அந்த ஊருக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் தோள்பையில் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டு, அதற்குத் துணையானவற்றை மட்டும் பெட்டியில் வைக்க வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது. மற்றவை எல்லாம் இதன் விரிவுதான்.

வானிலை ஏன் அங்கே இப்படி மாறுகிறது என்று தெரிந்துகொண்டால், எதை எடுப்பது எதை விடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். ஆஸ்திரேலியக் கண்டத்தின் தென்கிழக்கில், போர்ட் பிலிப் விரிகுடாவின் வட முனையில் மெல்போர்ன் அமைந்திருக்கிறது. வடக்கே கண்டத்தின் வறண்ட உள்நாடு. தெற்கே பாஸ் நீரிணையும் அதைச் சூழ்ந்த குளிர்ந்த கடலும். வடக்கிலிருந்து காற்று வீசும்போது உள்நாட்டின் வெப்பம் நகரத்துக்குள் வந்து இறங்குகிறது. மேற்கிலிருந்து நகர்ந்துவரும் குளிர்முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு, நகரத்தைக் கடந்ததும் காற்று தென்மேற்காகத் திரும்பி, கடலின் குளிரைக் கொண்டுவருகிறது. இந்தத் திருப்பத்தை அங்குள்ளவர்கள் ‘கூல் சேஞ்ச்’ என்பார்கள். கோடையில் அது வரும்போது அரை மணி நேரத்துக்குள் பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடுவது அவர்களுக்கு வியப்பான செய்தியே அல்ல. 2009 பிப்ரவரி 7ஆம் தேதி நகரில் 46.4 டிகிரி செல்சியஸ் பதிவானது. அன்றைய காட்டுத்தீயில் விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் உயிரிழந்தார்கள். அதே நாள் மாலையிலும் காற்று தென்மேற்காகத் திரும்பத்தான் செய்தது.

அதனால் சராசரி வெப்பநிலையை நம்பித் துணி எடுக்கக் கூடாது. நவம்பர் மாதச் சராசரியைப் பார்த்தால், பகலில் ஏறத்தாழ 22 டிகிரி, விடியற்காலையில் 11 டிகிரி என்று இருக்கும். ஊட்டியைப் போல இதமாக இருக்கும் போலிருக்கிறதே என்று தோன்றும். உண்மையில் அந்த மாதத்தில் 33 டிகிரி தொடும் நாளும் உண்டு, 15ஐத் தாண்ட மறுக்கும் நாளும் உண்டு; சில சமயம் இரண்டும் அடுத்தடுத்து வரும். சராசரியாக இருக்கும் நாள்தான் குறைவு.

நாங்கள் போன புதிதில், காலையில் ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்துவிட்டு அம்மா ஸ்வெட்டரை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினார். தம்பி அதை மறுபடி எடுத்துப் பையில் திணித்துக்கொண்டே சொன்னான்: “வெயிலைப் பாக்காதக்கா, காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதுன்னு பாரு.” அதன்பின் நான் ஒவ்வொரு நாள் காலையிலும் ஆஸ்திரேலிய வானிலை ஆய்வு மையத்தின் செயலியில் மணிவாரியாகக் காற்றின் திசையைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். வடக்கு அல்லது வடமேற்கு என்று இருப்பது எந்த மணிக்குத் தென்மேற்காக மாறுகிறது என்பதுதான் அன்றைய நாளின் மிக முக்கியமான தகவல். பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றம் என்று இருந்தால், கடற்கரையைக் காலையில் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்தை மாலைக்கு வைத்துக்கொள்வோம். அதே செயலியில் மழை ராடாரும் உண்டு. மேற்கிலிருந்து மழைத் திட்டுகள் நகர்ந்து வருவதும் இடையில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதும் அதில் தெளிவாகத் தெரியும்.

அந்த மாற்றத்தை அருகிலிருந்து பார்த்தது விக்டோரியா மாநில நூலகத்துக்கு முன்னால் உள்ள புல்வெளியில். சூடான வடகாற்று தெருத் தூசியை வாரிக் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தது. மாணவர்கள் கையில்லாத சட்டையோடு புல்லில் படுத்திருந்தார்கள். திடீரென்று காற்று ஒரு கணம் அடங்கியது. பிறகு ஸ்வான்ஸ்டன் தெருவின் மரங்கள் அதுவரை சாய்ந்திருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாயத் தொடங்கின. வெயில் அப்படியேதான் இருந்தது, ஆனால் முழங்கையில் குளிர் ஏறியது. யாரும் ஓடவில்லை, யாரும் வானத்தைப் பார்க்கவும் இல்லை. புல்வெளியில் இருந்தவர்கள் படுத்த வாக்கிலேயே தங்கள் பைகளைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த மெல்லிய ஜாக்கெட்டுகளை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். ஏறக்குறைய ஒவ்வொருவர் பையிலும் ஒன்று இருந்தது. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

தோள்பையில் இருக்க வேண்டிய முதல் பொருள் அப்படிப்பட்ட ஜாக்கெட்தான். காற்றையும் மழையையும் தடுக்கக்கூடிய, உள்ளே பஞ்சு எதுவும் இல்லாத, தலைமூடி உள்ள மெல்லிய ஜாக்கெட்டாக அது இருக்க வேண்டும். மடித்தால் ஒரு தேங்காய் அளவுக்குள் அடங்க வேண்டும். நம் ஊரில் இருந்து போகிறவர்கள் குளிர் என்றதும் தடித்த கம்பளிக் கோட்டை நினைக்கிறோம். மெல்போர்ன் குளிர்காலத்தில்கூட நகரத்தில் பனி விழுந்து தங்குவதில்லை. ஜூலை மாதப் பகல் 13, 14 டிகிரி இருக்கும். அங்கே உடம்பை நடுங்க வைப்பது காற்று. தடித்த ஸ்வெட்டரின் பின்னலுக்குள் காற்று சுலபமாகப் புகுந்துவிடும். அதே இடத்தில் ஒரு மெல்லிய காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டின் கீழே, செயற்கை இழையால் மெத்தென்று செய்த சாதாரண ஃப்ளீஸ் சட்டை ஒன்று இருந்தால் போதும். நகர மையத்தில் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும், யாரா ஆற்றுப் பாலங்களின் மீதும் நடக்கும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது பொருள், அந்த ஜாக்கெட்டின் கீழே போடும் வெப்ப அடுக்கு. ஃப்ளீஸ் ஆகலாம், சுருட்டி வைக்கக்கூடிய மெல்லிய பஞ்சு ஜாக்கெட்டும் ஆகலாம். எனக்கு ஃப்ளீஸ்தான் பிடிக்கும். நனைந்தால் உதறிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுக் கொடியில் ஓர் இரவில் காய்ந்துவிடும். இந்த இரண்டும் தனித்தனியாக இருப்பதில்தான் பயன் இருக்கிறது. காற்று மட்டும் என்றால் மேல் ஜாக்கெட், காற்றில்லாத குளிர் என்றால் ஃப்ளீஸ், இரண்டும் சேர்ந்தால் இரண்டும். அங்கே கடைகளுக்குள்ளும் ரயிலுக்குள்ளும் குளிர்காலத்தில் ஹீட்டர் நன்றாகவே ஓடும். உள்ளே நுழைந்ததும் கழற்றவும் வெளியே வந்ததும் மாட்டவும் வேண்டியிருக்கும். தலை வழியாகப் போடும் ஸ்வெட்டர் இதற்குத் தோதில்லை. முன்பக்கம் ஜிப் வைத்ததே நல்லது.

அடியில் போடும் துணியைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வெப்பத்துக்குப் பருத்தியை மிஞ்ச ஒன்றுமில்லை; திருப்பூர்ப் பனியன் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கிறது. அதே குணம்தான் குளிரில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. நடந்து வியர்த்த பிறகு காற்று திரும்பினால், ஈரமான பருத்தி முதுகில் ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், லேசில் காயாது. மெரினோ கம்பளியாலான மெல்லிய உள்சட்டை ஈரத்தை வாங்கிக்கொண்டாலும் ஈரம் தெரியாமல் வைத்திருக்கும். சீக்கிரம் நாற்றமும் அடிக்காது. விலை அதிகம் என்பது உண்மை. அதற்கு மாற்றாக விளையாட்டு வீரர்கள் போடும் பாலியெஸ்டர் பனியனும் போதுமானது. வெப்ப நாளுக்கும் வீட்டுக்குள் இருப்பதற்கும் பருத்தியை வைத்துக்கொண்டு, வெளியே சுற்றும் நாளுக்கு இவற்றைப் போட்டுக்கொள்வது என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம். ஜீன்ஸும் பருத்திதான் என்பதை மறந்துவிடுகிறோம். நனைந்த ஜீன்ஸோடு டிராமில் உட்கார்ந்து வருவது பெரும் தொல்லை, அது காய இரண்டு நாள் ஆகும்.

அம்மா புடவை தவிர வேறெதுவும் உடுத்தமாட்டார். அவரைப் போன்றவர்களை அழைத்துச் செல்கிற பிள்ளைகள் பலர், அங்கே போனதும் எப்படியாவது சுடிதாருக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. பாவாடைக்கு உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ் போட்டுக்கொண்டால் கால் குளிராது. ரவிக்கைக்கு அடியில் கழுத்து இறங்கிய, முழுக்கை வைத்த தெர்மலைப் போட்டுக்கொள்ளலாம். அதைவிட, முழுக்கை ரவிக்கைகளாகவே சிலவற்றைத் தைத்துக்கொண்டு போவது பார்க்கவும் நன்றாக இருக்கும், வயதானவர்களின் கூச்சத்தையும் தவிர்க்கும். கஞ்சி போட்ட பருத்திப் புடவையை அங்கே எடுத்துச் செல்ல வேண்டாம். கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு கணுக்காலில் குளிர்ந்த வளையம்போல் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்துவிடும் கிரேப், ஜார்ஜெட் புடவைகளும், விசேஷத்துக்கு ஒரு பட்டும் போதும். புடவையை இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டி ஷூ போட்டுக்கொள்ளச் சொன்னபோது அம்மா முதலில் தயங்கினார். டிராம் நிறுத்தத்தில் தன்னைப் போலவே கட்டியிருந்த இன்னொரு தமிழ் அம்மாளைப் பார்த்த பிறகு தயக்கம் போய்விட்டது. ஜாக்கெட் இடுப்போடு நிற்பதாக இருக்கட்டும்; நீளமான கோட்டுக்குள் முந்தானையும் கொசுவமும் சுருண்டு நடக்கவிடாது. முந்தானையைத் தோளில் குத்தும் ஊக்குகளை நாலைந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றுக்கு ஒரு ஊக்கு காணாது. மெட்டி அணிகிறவர்களுக்குப் பெருவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ் வசதி, ஆனால் ஷூவுக்குள் மெட்டி அழுத்தாமல் இருக்கிறதா என்று ஊரிலேயே நடந்து பார்த்துவிட வேண்டும்.

காதுக்குக் காற்று போகாமல் மப்ளர் கட்டிக்கொள்ளும் நம் வழக்கத்தை இளையவர்கள் கேலி செய்வதுண்டு. அங்கே அது மிகச் சரியான வழக்கம். கழுத்தையும் காதையும் மூடினால் உடம்பு முழுவதும் ஓர் அடுக்கு கூடுதலாகப் போட்டதுபோல் இருக்கும். நல்ல மெல்லிய கம்பளித் துணி ஒன்று, குளிரும்போது மப்ளராகவும் டிராமில் போர்வையாகவும் புல்வெளியில் விரிப்பாகவும் உதவுகிறது. என் தோள்பையில் எப்போதும் அது இருக்கும்.

மழையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மிடையே உண்டு. மெல்போர்னில் மழை நிறைய என்று நினைக்கிறோம். ஆண்டு மழை சுமார் 650 மில்லிமீட்டர்தான், சென்னையின் பாதிகூட இல்லை. சிட்னிக்கும் இதைவிட அதிகம். சென்னையில் ஒரு வாரம் கொட்டித் தீர்க்கிற மழையை அங்கே பல மாதங்களுக்குத் துளித்துளியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று சொல்லலாம். பெரும்பாலும் சாரலாகப் பத்து இருபது நிமிடம் பெய்துவிட்டு நின்றுவிடும், பிறகு வெயில், பிறகு மறுபடி சாரல். இதற்குக் கனமான மழைக்கோட்டு வேண்டாம். குடையும் பெரிதாக உதவாது. காற்று அதை உள்வெளியாகத் திருப்பிவிடும், மழைக்குப் பிறகு நகரக் குப்பைத் தொட்டிகளில் உடைந்த குடைகள் கிடப்பதைப் பார்க்கலாம். தலைமூடி வைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் பலமாகப் பெய்தால் ஒதுங்கி நிற்பதே சிறந்த வழி. ஒதுங்க அந்நகரில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. 1870இல் திறக்கப்பட்ட ராயல் ஆர்கேடும் அதன் அருகிலுள்ள பிளாக் ஆர்கேடும் கூரையிட்ட அழகான கடைத்தெருக்கள். மாநில நூலகத்தின் எண்கோண வாசிப்பறைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. செயின்ட் கில்டா சாலையில் இருக்கும் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தின் நிரந்தரத் தொகுப்பையும் இலவசமாகப் பார்க்கலாம். நகர மையத்தின் டிராம் பயணமும் இலவசம். மழை வந்தால் ஏதாவதொரு டிராமில் ஏறி இரண்டு நிறுத்தம் போய் இறங்கினால் நின்றிருக்கும். நகரமே இவ்வளவு கூரைகளைத் தருவதால் நாம் சுமக்க வேண்டியது குறைகிறது.

காலணியில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. சுற்றுலா என்றால் நடைதான். நனைந்த காலணியோடு நடந்தால் கொப்புளம் நிச்சயம். தண்ணீர் சட்டென்று உள்ளே போகாத, நன்றாகப் பழகிய ஒரு ஜோடி ஷூவும், வெப்ப நாளுக்குப் பட்டை வைத்த செருப்பு ஒரு ஜோடியும் போதும். தோள்பையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி கட்டாயம் வேண்டும். அதன் அருமை எனக்குத் தெரிந்தது கேரம் டவுன்ஸில் உள்ள சிவா விஷ்ணு கோயிலில். வழியில் மழையில் நனைந்து போய்ச் சேர்ந்தோம். காலணியைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் நின்று தரிசனம் முடித்துத் திரும்பி வந்தபோது, மரத்துப்போன பாதத்துக்கு அந்த உலர்ந்த சாக்ஸ் கொடுத்த சுகம் பெரிது. கோயில்களுக்குப் போவதாக இருந்தால் கயிறு கட்டும் ஷூவைவிட இழுத்து மாட்டும் ஷூ வயதானவர்களுக்கு எளிது.

குளிரைப் பற்றியே யோசித்துக்கொண்டு போகிறவர்கள் வெயிலை மறந்துவிடுகிறார்கள். இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். அங்கே கோடையில் புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் குறியீட்டெண் (UV Index) 11ஐத் தாண்டுவது சாதாரணம். 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துகிறார்கள். தோல் புற்றுநோய் மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஆஸ்திரேலியா ஒன்று என்பதால், சட்டை போடு, சன்ஸ்கிரீன் பூசு, தொப்பி அணி என்ற பிரச்சாரத்தை 1981இல் விக்டோரியாவில் தொடங்கி இன்றுவரை நடத்தி வருகிறார்கள். புற ஊதாக் கதிருக்கும் வெப்பத்துக்கும் தொடர்பில்லை. 18 டிகிரியில் குளிர்ந்த காற்று வீசும்போதும், மெல்லிய மேகம் இருக்கும்போதும் தோல் கன்றிப்போகும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பதும் சரியல்ல. கருத்த தோலுக்குச் சற்றுக் கூடுதல் தாங்கும் திறன் இருந்தாலும் அது முழுப் பாதுகாப்பு இல்லை, கண்ணுக்கு அதுவும் கிடையாது. சன்ஸ்கிரீனை இங்கிருந்து சுமக்க வேண்டாம்; அங்கே எந்த மருந்துக்கடையிலும் ‘50+’ என்று குறித்த நல்ல வகைகள் கிடைக்கும். தொப்பியை மட்டும் தாடையில் கட்டும் கயிறு வைத்ததாகப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள், காற்றில் பறக்காது. குளிர்கண்ணாடிக்கு இன்னொரு பயனும் உண்டு. நகரத் தெருக்களில் வரிசையாக நிற்கும் பிளேன் மரங்கள் வசந்தத்தில் நுண்ணிய பஞ்சுத் துகள்களை உதிர்க்கும். காற்றடிக்கும் நாளில் அது கண்ணிலும் தொண்டையிலும் அறுக்கும்.

மூக்கடைப்பு, தும்மல், ஆஸ்துமா உள்ளவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே போவதாக இருந்தால் மருந்தை முதலில் எடுத்து வைக்க வேண்டும். 2016 நவம்பர் 21 அன்று மாலை மெல்போர்னில் வீசிய இடிமழைக் காற்றுக்குப் பிறகு, மூச்சுத் திணறலோடு ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளுக்கு விரைந்தார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். வசந்தத்தில் பூக்கும் ரை புல்லின் மகரந்தம் இடிமழையின் ஈரத்தில் வெடித்து, நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய நுண்துகள்களாகிப் பரவுவதே இதற்குக் காரணம். அதற்கு முன் ஆஸ்துமாவே வராத, வெறும் ஒவ்வாமைத் தும்மல் மட்டும் இருந்தவர்களும் அன்று பாதிக்கப்பட்டார்கள். இப்போது அந்தப் பருவத்தில் இதற்கென்று தனியாக முன்னறிவிப்பு வெளியிடுகிறார்கள். எனக்கே தூசி ஒவ்வாமை உண்டு என்பதால், இன்ஹேலரும் ஒவ்வாமை மாத்திரையும் தோள்பையின் முன் அறையில்தான் இருக்கும். பெட்டியிலும் வீட்டிலும் இருந்து பயனில்லை. இடிமழை வரும் என்று அறிவித்த நாளில் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிடுவோம்.

இரவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெல்போர்னின் பழைய வீடுகள் பல, குளிரைத் தாங்கும்படி கட்டப்பட்டவை அல்ல. வரவேற்பறையில் ஹீட்டர் இருக்கும், படுக்கையறை சில்லிட்டுக் கிடக்கும். உறவினர் வீட்டில் தங்குகிறவர்கள் தடித்த இரவு உடையும் படுக்கையில் போட்டுக்கொள்ள சாக்ஸும் எடுத்துச் செல்ல வேண்டும். வெந்நீர்ப் பை ஒன்றை அங்கே மலிவாக வாங்கலாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், குறுகிய வாய் வைத்த சீசாவில் எடுத்துப் போனால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. அம்மா ஒவ்வொரு நாள் காலையிலும் சீசாவை வெந்நீரில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அடுத்த முறை வாயகன்ற டப்பாவில் ஊற்றி எடுத்துப் போனோம், விரலால் வழித்துத் தடவிக்கொள்ள வசதியாக இருந்தது. அந்த வறண்ட காற்றில் உதடும் குதிகாலும் வெடிக்கும், எண்ணெய் நிச்சயம் தேவைப்படும்.

வானிலைக்கு உண்மையான சோதனை நகரத்துக்கு வெளியே போகும் நாள்தான். நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிலிப் தீவில், சூரியன் மறைந்த பிறகு சிறு பெங்குவின்கள் கடலிலிருந்து கூட்டமாகக் கரையேறி வரும். நவம்பரில் அங்கே சூரியன் மறைய இரவு எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும். காலையில் வெயிலில் கிளம்பி, இருட்டில், கடலைப் பார்த்த திறந்தவெளிப் படிக்கட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார வேண்டும். நடக்கும்போது தாங்கும் குளிர் உட்கார்ந்தால் தாங்காது. கோடையிலும் அங்கே தெர்மல், ஃப்ளீஸ், காற்றுத் தடுப்பு, குல்லாய், கையுறை ஆகிய எல்லாமே வேண்டும். உட்கார மடித்த துண்டோ சிறு விரிப்போ இருந்தால், படியின் குளிர் உடம்பில் ஏறாது. குடை பிடித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். புகைப்படம் எடுக்க அனுமதி இல்லாததால் கையுறையைக் கழற்றவே வேண்டியதில்லை. டாண்டினாங் மலைக்குப் போகிற நாளிலும் நகரத்தைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

விமானத்தில் போகும்போது ஃப்ளீஸையும் ஜாக்கெட்டையும் பெட்டியில் வைக்காமல் கையில் எடுத்துச் செல்லுங்கள். எங்களோடு வந்த உறவினர் ஒருவரின் பெட்டி மறுநாள்தான் வந்து சேர்ந்தது. விமான நிலையத்திலிருந்து அரைக்கைச் சட்டையோடு வெளியே வந்தவருக்குத் தம்பியின் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. மருந்துகளை அசல் அட்டையோடும், மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த சீட்டோடும், மூன்று மாதத் தேவைக்கு மேற்படாமல் எடுத்துச் செல்ல வேண்டும். ஷூவின் அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். அந்நாட்டின் உயிரிப் பாதுகாப்புச் சோதனை மிகவும் கண்டிப்பானது. பால் சேர்ந்த இனிப்புகள், பழங்கள், பச்சைக் கறிவேப்பிலை, விதைகள் ஆகியவற்றை விட்டுவிட வேண்டும். முறுக்கு, பொடி, ஊறுகாய் போன்று எது எடுத்துப் போனாலும் பயணி அட்டையில் ‘ஆம்’ என்று குறித்து அதிகாரியிடம் காட்டிவிட வேண்டும்; மறைத்தால்தான் அபராதம். மின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதேதான், பிளக்கின் வடிவம் மட்டும் வேறு. ஆகவே அடாப்டர் போதும்.

எடுத்துச் செல்லக் கூடாதது என்று ஒன்றைச் சொல்வதானால் அது தடித்த கோட்டு. தியாகராய நகரில் அவசரமாக வாங்கும் கோட்டு பெட்டியில் கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; அந்த ஊர்க் காற்றை அது தடுக்குமா என்பதும் தெரியாது. குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு உண்மையிலேயே ஒன்று தேவைப்பட்டால், அங்கே தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய துணிக் கடைகளில் நல்ல கம்பளிக் கோட்டுகள் மலிவாகக் கிடைக்கும். ‘ஆப் ஷாப்’ என்று கேட்டால் எல்லா வட்டாரத்திலும் காட்டுவார்கள். அம்மாவுக்கு அடர்நீலத்தில் இடுப்பளவு கம்பளி ஜாக்கெட் ஒன்றை அப்படித்தான் வாங்கினோம், அவருக்கென்றே தைத்ததுபோல் பொருந்தியது. ஊருக்குத் திரும்பும்போது சுமக்க விரும்பாதவற்றைத் துவைத்து அதே கடையில் கொடுத்துவிடலாம். மற்றபடி திரும்பும் நாளில், மெல்போர்ன் விடியற்காலைக்கும் சென்னை விமான நிலைய வாசலுக்கும் ஒரே உடைதான். அடியில் பருத்திச் சட்டை, மேலே ஃப்ளீஸ், அதற்கு மேலே ஜாக்கெட் என்று போட்டுக்கொண்டு ஏறி, இறங்கும் முன் மேலிரண்டையும் கழற்றித் தோள்பையில் வைத்துக்கொண்டால் போதும். தெர்மலை மட்டும் அன்று போடாமல் விட்டுவிடுங்கள், விமானத்துக்குள் அதைக் கழற்ற இடம் கிடையாது.